நம்பருக்கு ஒரு நோயாளி

சீனி வருத்தத்தை, அதாவது நீரிழிவை, மிகச் சிறப்பாகக் கட்டுப்படுத்திய நோயாளி என்று அந்த வருடம் எட்வினைத் தேர்ந்தெடுத்தார்கள். இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குள் முதலாம் இடம். எட்வினுக்குச் சீனி வருத்தம் கிடையாது. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு இருந்தவை வலது காதில் கொஞ்சம் மந்தமும் ஒரு டச் போனும்தான். வந்த வினையெல்லாம் அந்தப் போனால் வந்தது.

பிளெக்ஸ்டன் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் ஷீட் காயவைக்கும் வேலை அவருக்கு. மனைவி ஏஞ்சலின் பால்வெட்டுக்குப் போகிறவள். மகள் ஸ்டெபானி கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். வாரத்துக்கொரு தடவையாவது அப்பா அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போன நத்தார் பண்டிகைக்கு அந்தப் போனை வாங்கி அனுப்பியிருந்தாள். அவர்கள் இருந்த கீழ் லயத்து வீட்டு வரிசையில் வேறு யாருக்கும் டச் போன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இளவட்டங்கள் எல்லாரிடமும் இருந்தது. அவர்கள்தான் போனும் கையுமாகக் கொழும்பில் இருந்தார்கள்.

சீனி வருத்தம் இருந்தது ஏஞ்சலினுக்கு. ஒன்பது வருடமாக. பக்கத்துக் காம்பிரா அறையில் தனியாக இருக்கும் சூசையம்மாவுக்கும், லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருக்கும் கன்னையாவுக்கும், அவர் மனைவி இலட்சுமிக்கும் இருந்தது. மாதத்தின் முதல் புதன்கிழமை நாலு பேரும் யோகராஜின் ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு, தெரணியகலைப் பாதையில் சந்தியோரம் இருக்கும் குடும்ப வைத்திய நிலையத்துக்குப் போவார்கள். டொக்டர் விரலில் குத்திப் பார்ப்பார், ஏசுவார், மருந்து எழுதுவார். எந்தத் திட்டமும் இல்லாமல் பல வருடமாக இது நடந்துகொண்டிருந்தது.

பெப்ரவரி மாதம் எட்வினும் கூடப் போனபோது நிலையத்து வாசலில் பெனர் கட்டியிருந்தது. ‘இனிப்பில்லா இனிய வாழ்வு: டிஜிட்டல் வாழ்க்கைமுறை வழிகாட்டல் நிகழ்ச்சித்திட்டம்’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றியானதும் தொதலும் கொக்கிசும் என்று இனிப்புப் பலகாரம் பரிமாறினார்கள். வந்திருந்தவர்கள் பெரும்பாலும் சீனி நோயாளிகள் என்பதால் தட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

பணிப்பாளர் சிங்களத்தில் பேசினார். நிலையத்தில் கொம்பியூட்டர் வேலைக்கு வந்திருந்த பஹ்மா என்ற பெண் தமிழில் சொன்னாள்.

“நோயாளி வைத்தியரைத் தேடிப் போன காலம் முடிந்துவிட்டது. வைத்தியர் நோயாளியைத் தேடிப் போன காலமும் முடிந்துவிட்டது. இனிமேல் இருவரும் சந்திக்க வேண்டிய தேவையே வராது. அதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம்.”

எல்லாரும் கைதட்டினார்கள். எட்வினும் தட்டினார். ஏஞ்சலினைக் கூட்டிவந்த இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று அவருக்குப் பட்டது.

பிறகு பெயர் பதிந்தார்கள். பதிவதற்கு டச் போன் நம்பர் வேண்டும். ஏஞ்சலின் எட்வினின் நம்பரைக் கொடுத்தாள். சூசையம்மாவும் அதையே கொடுத்தாள். கன்னையா கொஞ்சம் யோசித்துவிட்டு, எட்வினிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, தனக்கும் இலட்சுமிக்கும் அதே நம்பரைக் கொடுத்தார். நம்பருக்கு ஒன்று என்ற முறையில் இரத்தம் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். விரலில் குத்திச் சொட்டு இரத்தம் வைத்தால் அளவு தானாகப் போனுக்குப் போய், போனிலிருந்து கொழும்புக்குப் போகும். கொழும்பில் அதைப் பார்த்து, டொக்டரைப் பார்க்க வேண்டிய ஆளுக்குச் சிவப்பும் தேவையில்லாத ஆளுக்குப் பச்சையும் போடுவார்கள் என்று பஹ்மா விளக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் நாலு பேரும் எட்வின் வீட்டு வாசலில் விரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஏஞ்சலினுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு. போன் கீச்சென்றது: ‘எட்வின், உங்கள் சீனி அளவு ஆபத்தான உயரத்தில் உள்ளது.’ அடுத்தது சூசையம்மா, அறுபத்தாறு. அவள் ஒரு நேரம் சாப்பிடுகிறவள். போன் மறுபடியும் கீச்சென்றது: ‘எட்வின், உங்கள் சீனி அளவு ஆபத்தான முறையில் வீழ்ந்துள்ளது. உடனே இனிப்பு உண்ணவும்.’ கன்னையாவுக்குத் தொண்ணூற்றிரண்டு, இலட்சுமிக்குத் தொண்ணூறு. எட்வினுக்கு இரண்டு வாழ்த்து வந்தது. பத்து நிமிடத்துக்குள் செத்துப் பிழைத்த களைப்போடு அவர் வேலைக்குப் போனார்.

நாலாம் நாள் கொழும்பு ஒரு முடிவுக்கு வந்தது. ‘எட்வின், உங்கள் அளவுகளில் ஏற்ற இறக்கம் காணப்படுவதால் இனி நாளாந்தச் சராசரி கணிக்கப்படும். உங்கள் சராசரி 140. மிக நன்று.’ அதற்குக் கீழே ஒரு பச்சை முகம் சிரித்தது.

எட்வின் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு பஹ்மாவிடம் போனார். அவள் நல்ல பிள்ளை. அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு கொம்பியூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

“அங்கிள், நம்பருக்கு ஓராளத்தான் இது எடுக்குது. நாலு பேரையும் போட்டேன். நாலையும் ஒண்ணாக்கிட்டு, நம்பர் யார்ட பேர்ல ஈக்கோ அவங்கட பேரப் போட்டுட்டு. எனக்கு மாத்தேலா. கொழும்புக்கு எழுதுறேன்.”

எழுதினாள். பதிலும் வந்தது. தாம் நோயாளி அல்லர் என்று பயனாளி கூறுவது நோயை ஏற்றுக்கொள்ள மறுக்கும் மனநிலையின் அறிகுறி. ஆகவே அவருக்கு ஏழாம் பாடத்தை வழங்கவும் என்று அதில் இருந்தது.

ஏழாம் பாடம் ஒரு வீடியோ. கடற்கரையில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண், ‘எனக்கு நீரிழிவு இருக்கிறது, ஆயினும் நான் என்னை நேசிக்கிறேன்’ என்று சொல்கிறாள். பயனாளியும் அதைப் போனுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். லயத்தில் குறுஞ்செய்தி வரும், வீடியோவுக்குச் சிக்னல் போதாது. மேட்டில் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் மட்டும்தான் அந்தளவு கிடைக்கும். அங்கே நின்று எட்வின் பதினோரு தடவை சொன்னார். அவர் தமிழ் போனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் இலட்சுமி போனை வாங்கி ஒரே தடவையில் சொல்லி முடித்தாள். எட்வின் தம் நோயை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகி, ஐம்பது புள்ளி கிடைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் வாழ்க்கைமுறைப் பயிற்றுநர் வீடியோவில் வந்தார். பெயர் இந்திரகுமார். கொழும்பில் கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் இருந்து பேசுவார். எட்வின் கெபிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாலு நோயாளிகளும் அவர் முதுகுப் பக்கம் நின்று கேட்பார்கள். கன்னையாவும் இலட்சுமியும் வந்ததற்கு மாதாவுக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வார்கள். காலையில் ஓட்ஸ், மத்தியானம் கீரை சலாது, இரவில் தோல் நீக்கிய கோழி நெஞ்சு என்று இந்திரகுமார் சொல்லிக்கொண்டே போவார். சூசையம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் உடற்பயிற்சியைப் பற்றிக் கேட்டார். ஏஞ்சலின் பின்னாலிருந்து எட்வினின் நல்ல காதில் சொல்லிக்கொடுத்தாள்.

“காலையில ஆறு மணிக்கு முன்னுக்கே மலைக்குப் போயி முன்னூறு மரம் வெட்டுறதுங்க” என்றார் எட்வின்.

ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்றுதான் சொல்வார்கள். அது இந்திரகுமாருக்குத் தெரியாது.

“ஒரு நாளைக்கா?”

“ஒரு நாளைக்குத்தாங்க. மழ பேஞ்சா வெட்ட ஏலாது.”

“எட்வின், உங்கள் உடல் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் சுற்றாடலுக்குத் தீங்கு செய்யும் பழக்கங்கள் மனதில் குற்ற உணர்ச்சியை உண்டாக்கும். குற்ற உணர்ச்சி சீனியைக் கூட்டும். படிப்படியாகக் குறையுங்கள். முதலில் இருநூறு மரம். பிறகு நூறு.”

அந்த வாரத்துக் கடமையாக ஒரு மரம் நடச் சொல்லிப் போனில் வந்தது. கன்னையா கழிவறைக்குப் பின்னால் ஒரு பப்பாசிக் கன்றை நட்டுப் படம் எடுத்து அனுப்பினார். எட்வினுக்கு இன்னும் நூறு புள்ளி ஏறியது.

இப்படியே ஆறு மாதம் போயிற்று. எட்வின் எப்போதும் பச்சையில் இருந்ததால் அவருக்கோ, அவருக்குள் இருந்த நாலு பேருக்கோ டொக்டரைப் பார்க்கத் தேவை வரவில்லை. மாத்திரைப் பைக்கற் மட்டும் எட்வின் பெயரில் மாதா மாதம் கிடைத்தது. ஓராளுக்குரிய மாத்திரை. நாலு பேரும் பிரித்துப் போட்டார்கள்.

ஆகஸ்ட் கடைசியில், பால் பிடிக்கும் சிரட்டை ஒன்று உடைந்து கிடந்ததை ஏஞ்சலின் மிதித்துவிட்டாள். செருப்பைக் கிழித்துக்கொண்டு இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஏறியது. அவளுக்கு வலிக்கவில்லை. பின்னேரம் வாசலில் இரத்தக் கறையைப் பார்த்த எட்வின்தான் யாருடைய கால் என்று கேட்டார். மஞ்சள் வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் மலைக்குப் போனாள். பத்து நாளில் விரல் கறுத்து, வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. எட்வின் யோகராஜைக் கூப்பிட்டார்.

நிலையத்தில் பஹ்மா நம்பரைத் தட்டிப் பார்த்தாள். பச்சை. ஏஞ்சலினின் காலைப் பார்த்தாள். மறுபடியும் கொம்பியூட்டரைப் பார்த்தாள். எழும்பிப் போய் டொக்டரின் கதவைத் தட்டினாள். டொக்டர் வெளியே வந்தார். அவர் கெட்ட மனிதரல்ல. முன்னெல்லாம் ஏஞ்சலினைப் பெயர் சொல்லி ஏசியவர். எட்வின் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர் காலைப் பார்க்காமல் இருக்க முயன்றது நன்றாகத் தெரிந்தது.

“நான் இவரைப் பச்சையிலிருந்து எடுத்துச் சிவப்பில் போட்டால், என் நிலையத்துக்குப் போடும் நிறம் பச்சையிலிருந்து மஞ்சளாகிவிடும்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். “இரண்டு மாவட்டத்திலும் முதலாவதாக நிற்கிறோம். பச்சையில் இருக்கும் ஆளை ஏன் பார்த்தாய் என்று எனக்குத்தான் கடிதம் வரும். போட்டோ எடுத்து அனுப்பு. நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் கொழும்பிலிருந்து யாராவது பார்ப்பார்கள்.”

ஆஸ்பத்திரிக்குப் போகலாமென்றால் நிலையத்தின் கடிதம் கேட்பார்கள். கடிதம் சிவப்புக்குத்தான் அச்சாகும்.

கெபிக்குப் பக்கத்தில் ஏஞ்சலினை ஒரு கல்லில் உட்காரவைத்து எட்வின் காலைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டாம் நாள் பதில் வந்தது. ‘எட்வின், உங்கள் உணவுப் படத்துக்கு நன்றி. இது கருவாட்டுக் குழம்பு எனக் கருதுகிறோம். உப்பைக் குறைத்து, காய்கறியை அதிகம் சேர்க்கவும்.’ ஏஞ்சலின் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம் என்றார் எட்வின். கல்யாணம் கட்டி முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் அவர் அதிகம் பொய் சொன்னதில்லை.

அதே வாரத்தில்தான் ஓர் அழைப்பிதழ் வந்தது. சிறந்த பயனாளி விருது. இரத்தினபுரியில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில். துணைவியாருடன் வரவும் என்றிருந்தது. லயத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எட்வின் சிரிக்கவில்லை. பெரிய டொக்டர்மார் இருக்கிற இடம். கண்ணெதிரே காலைக் காட்டினால் யாராவது ஒருவர் பார்க்காமலா போவார் என்று அவர் நினைத்தார். ஏஞ்சலினுக்குக் காய்ச்சல் இருந்தது. இருந்தும் சேலை கட்டி, காலில் புதுத் துணி சுற்றிக்கொண்டு புறப்பட்டாள். அவிசாவளையில் பஸ் மாறும்போது எட்வின் அவளைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் ஏற்றினார்.

மண்டபத்தில் குளிர் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் டொக்டர்மார், அவர்களுக்குப் பின்னால் அதிகாரிகள். நோயாளி என்று வந்திருந்தவர் எட்வின் மட்டும்தான், அவருக்கும் நோயில்லை. பணிப்பாளர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். ஆறு மாதமாக நூற்று நாற்பதில் கொஞ்சமும் ஆடாமல் நேராக ஓடியது.

“இப்படி ஒரு கோட்டை நான் எந்த மனிதனிடமும் கண்டதில்லை” என்று பணிப்பாளர் சொன்னார். அது உண்மை.

எட்வினுக்குச் சால்வை போட்டு, கேடயம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் சிங்களத்தில் பேசினார்.

“மாத்தயாமார்களே, எனக்குச் சீனி வருத்தம் இல்லை. எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. வருத்தம் என் மனைவிக்குத்தான். அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலை யாராவது ஒருவர் பாருங்கள்.”

பணிப்பாளர் எழும்பி வந்து எட்வினின் தோளில் கைபோட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

“கேட்டீர்களா? ஆறு மாதத்துக்கு முன்னால் சந்தியில் வந்து பதிந்தபோது இவர் ஒரு நோயாளி. இன்று தமக்கு நோய் இல்லை என்று சொல்கிறார். இருந்ததே இல்லை என்று நம்புகிறார். தாம் குணமானது மட்டுமல்ல, தம் மனைவியையும் இந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி மேடையிலேயே கேட்கிறார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?”

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எழுந்து நின்றவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஏஞ்சலின் எட்வினுக்குத் தெரியவில்லை. கைதட்டல் ஓய்ந்து எல்லாரும் உட்கார்ந்தபோது அவள் நாற்காலியில் இல்லை. நிலத்தில் கிடந்தாள்.

அம்புலன்ஸில் போனதால் ஆஸ்பத்திரியில் கடிதம் கேட்கவில்லை. அன்றைக்கே இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர், ஏன் இவ்வளவு நாள் வைத்திருந்தாய், சீனி எவ்வளவு என்று ஒருநாளாவது பார்த்தாயா என்று எட்வினை ஏசினார். எட்வின் போனைத் திறந்து காட்டினார். டொக்டர் அந்த நேர்க்கோட்டைப் பார்த்துவிட்டு இது யாருடைய ரிப்போர்ட் என்று கேட்டார்.

“நாலு பேரோடதுங்க” என்றார் எட்வின். டொக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏஞ்சலின் வார்டில் இருந்த மூன்றாவது வாரம் போனில் கடைசித் தகவல் வந்தது. ‘எட்வின், நீங்கள் பூரண குணமடைந்துள்ளதால் உங்கள் கணக்கு மகிழ்ச்சியுடன் மூடப்படுகிறது.’ மெஷினை யாரோ வந்து வாங்கிப் போனார்கள். மாத்திரைப் பைக்கற்றும் நின்றது. கன்னையாவும் இலட்சுமியும் மகளோடு இருக்க வரக்காப்பொலைக்குப் போய்விட்டார்கள். சூசையம்மா மருந்தை விட்டுவிட்டதாகவும் முன்னைவிடச் சுகமாக இருப்பதாகவும் சொன்னாள். அவளை யாரும் பரிசோதிக்கவில்லை.

ஏஞ்சலினை வீட்டுக்கு அனுப்பும்போது, ஊசி மருந்தைத் தொடர்ந்து கிட்டத்தில் இருக்கும் குடும்ப வைத்திய நிலையத்தில் எடுக்கவும் என்று எழுதிக் கொடுத்தார்கள். புதன்கிழமை எட்வின் அவளை ஓட்டோவில் ஏற்றிச் சந்திக்குக் கொண்டுபோனார். கையில் ஊன்றுகோல் புதிது. அது அவளுக்கு இன்னும் பழகவில்லை.

பஹ்மா அவளை அங்கிருந்த மர வாங்குப் பலகையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கொம்பியூட்டரோடு நெடுநேரம் மல்லுக்கட்டினாள். எட்வினின் நம்பரில் புது ஆளைப் பதிய விடவில்லை. அது குணமான ஆளின் நம்பர். நம்பர் இல்லாமலும் பதிய விடவில்லை. ஸ்டெபானியின் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். கொழும்பு நம்பர் என்று கொழும்புக் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டது.

“ஒரு வழிதான் ஈக்கி, அங்கிள்” என்றாள் மெதுவாக. “குணமான ஆளுக்கு வருத்தம் திரும்பவும் வந்தா, பழைய கணக்கத் தொறக்கலாம்.”

எட்வின் விரலை நீட்டினார். எண்பத்தெட்டு. கணக்குத் திறக்கவில்லை.

பிறகு ஏஞ்சலின் வாங்கில் இருந்தபடியே தன் விரலை நீட்டினாள். பஹ்மா வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். குத்தினாள். இருநூற்றுத் தொண்ணூற்றாறு. எட்வின் பெயருக்கு நேரே திரை சிவப்பானது.

“எட்வின்” என்று உள்ளேயிருந்து மணியடித்துக் கூப்பிட்டார்கள்.

ஏஞ்சலினும் எழும்பப் பார்த்தாள். சிவப்பு ஓராளுக்குத்தான் என்று பஹ்மா சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது அவள் ஏஞ்சலினின் முகத்தைப் பார்க்கவில்லை.

டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீனி இப்படித் திரும்ப ஏறியிருப்பது கவலைக்குரியது என்றார். புது முறைப்படி சிவப்பில் இருக்கிறவர்களுக்குக் கால் பரிசோதனை கட்டாயம் என்று சொல்லி, எட்வினைக் கட்டிலில் ஏறிப் படுக்கச் சொன்னார். எட்வின் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். டொக்டர் விளக்கை இழுத்து வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். குதிகாலை அழுத்திப் பார்த்தார். மெல்லிய நைலோன் நரம்பு ஒன்றால் உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். இப்படியொரு பொறுமையை அவரிடம் எட்வின் முன்பு கண்டதில்லை. ஒவ்வொரு தடவையும் தெரிகிறது என்று எட்வின் சொன்னார். கதவுக்கு வெளியே வாங்கில் ஊன்றுகோல் நழுவி விழுந்து, யாரோ எடுத்துக் கொடுக்கும் சத்தம் கேட்டது. டொக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு மற்றக் காலைத் தூக்கியது.

“கால் இரண்டும் நன்றாக இருக்கிறது” என்றார் அவர், நிமிராமல். “கவனமாகப் பார்த்துக்கொள்.”

ஊசி மருந்தை மூன்று மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார். எட்வின் அதை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மருந்து கொடுக்கும் ஜன்னலில் மருந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“டொக்டர் என்னாங்க சொன்னாரு?” என்று கேட்டாள் ஏஞ்சலின்.

மருந்துப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு எட்வின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் நல்லா இருக்காம் என்றார்.